எண்பத்திரண்டு ராத்தல் காற்று

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு ஒரு புது எஞ்சின் வந்தது. ஸ்டோர் என்றால் சாமான் வைக்கிற இடம் அல்ல. தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துத் தூளாக்குகிற தொழிற்சாலையை அக்கரப்பத்தனைப் பக்கம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பழைய எஞ்சின் வாரத்துக்கு இரண்டு தடவை நின்றுபோய், அரைத்த கொழுந்து புளித்து வீணாகிக்கொண்டிருந்தது. புதியது கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் தலவாக்கலை ஸ்டேஷனில் வந்து இறங்கியது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது என் வேலை.

நான் தோட்டத்து லொறி டிரைவர். அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். லொறி யுத்தகாலத்துப் பட்டாளத்து வண்டி. முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. பாரம் தூக்குவதில் அதைக் குறை சொல்ல முடியாது. பிரேக் மட்டும் தன் இஷ்டத்துக்குப் பிடிக்கும். அவ்வளவு பெரிய எஞ்சின் லொறியில் அடங்காது என்பதால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு டிரெய்லரை வாங்கி வந்திருந்தார்கள். ஒரே அச்சில் நாலு டயர் உள்ள இரும்பு வண்டி. அதற்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. மேட்டில் லொறி தயங்கினால் டிரெய்லர் பின்னுக்கு இழுக்கும். பள்ளத்தில் இறங்கினால் முதுகில் வந்து முட்டும்.

அதற்காகத்தான் முட்டுக்கட்டை ஆட்கள். ஆறு பேர். நீளக் கைப்பிடி போட்ட மரக்கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வருவார்கள். வளைவில் நான் வண்டியை நிறுத்திக் கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில் ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவார்கள். நான் புறப்பட்டதும் உருவிக்கொண்டு மறுபடி நடப்பார்கள். வண்டி பின்னால் உருண்டால் முதலில் சாகப்போவது அவர்கள்தான். அவர்களுக்குத் தலைவராக இருந்தவர் அகன்ற தோளும் கட்டைக் குரலும் கொண்ட கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்துப் பண்ணுகிற கத்தியை இருபது வருஷம் பிடித்த கை. என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன்.

முதல் நாள் மாலையே எஞ்சினை ஸ்டேஷனில் கிரேனால் தூக்கி டிரெய்லரில் வைத்துவிட்டோம். வைத்த இடமும் முக்கியம். பாரம் முன்னால் தள்ளி இருந்தால் லொறியின் வால் அழுந்தி, மூக்கு தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் கைக்கு அடங்காது. பின்னால் தள்ளி இருந்தால் டிரெய்லர் நாய்வால் மாதிரி ஆடும். அச்சுக்கு நேர் மேலே, ஒரு சாண் முன்னால் தள்ளி வைத்துச் சங்கிலியால் கட்டினோம்.

மறுநாள் விடிந்ததும் காற்று. டயர் இரவெல்லாம் கிடந்து குளிர்ந்திருக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும். காற்றை அளக்கிற கேஜில் ராத்தல்தான் கணக்கு. வெறும் லொறிக்குப் பின்டயரில் ஐம்பத்தைந்து, அறுபது ராத்தல் போதும். டிரெய்லரின் பாரமும் பின்னால் தொங்கும்போது எழுபது. முன்டயருக்கு எப்போதும் போல ஐம்பது. டிரெய்லர் டயருக்கு எழுபத்தைந்து. இரட்டை டயரில் ஒன்று மெத்தென்று இருந்தால் மற்றது முழுப் பாரத்தையும் சுமக்கும். இரண்டும் மெத்தென்று இருந்தால் ஒன்றோடொன்று உரசிச் சூடேறிக் கருகும். எங்களிடம் இருந்தது ஒரு கைப்பம்ப். எழுபது ராத்தலுக்கு மேல் போகும்போது அந்தப் பம்பின் பிடியை ஒரு ஆள் தன் முழு உடம்பையும் போட்டு அழுத்த வேண்டும். ஆறு பேரும் நானும் மாறி மாறி அடித்தோம். தலவாக்கலைக் குளிரில் சட்டை நனைந்துவிட்டது. பத்து டயரையும் அளந்து, மூடிகளை இறுக்கி, சுத்தியலால் ஒவ்வொன்றையும் தட்டிச் சத்தம் கேட்டபிறகுதான் புறப்பட்டேன்.

லிந்துலை தாண்டும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மழைத்தூறல், மூடுபனி. முட்டுக்கட்டை ஆட்களை லொறித்தட்டில் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டில் நிற்காமல் ஓட்டினேன். உதவி மேனேஜரான சின்னதுரை ஜீப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாத வெள்ளைக்காரர். அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தவர். கெட்ட மனுஷன் என்று சொல்லமாட்டேன். ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று தன் கீழ் வேலை செய்கிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்பதை அவரால் நம்பவே முடியாது.

தார் ரோடு முடிந்து தோட்டத்து மண்ரோடு தொடங்குகிற பாலத்தடியில் அவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். அங்கிருந்துதான் ஏற்றம். ஸ்டோர் வரைக்கும் பதினொரு வளைவு. அவர் ஜீப்பிலிருந்து ஒரு கேஜை எடுத்து லொறியின் பின்டயரில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"டிரைவர்! என்ன இது? எண்பத்திரண்டு! நீ எழுபது சொன்னான்."

"காலையில எழுபதுதாங்க தொரை. இப்ப ஓடி வந்து சூடாயிருக்கு. சூடானா ஏறும். ஆறுனா தானா எறங்கிரும்."

"வெடிக்கும். காத்து எடு. அறுபது வை. ரோடு ஈரம். சாஃப்ட் டயர் நல்லா பிடிக்கும். நான் பட்டாளத்தில் பாத்தான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மணலில், பாரம் குறைந்த வண்டியில், காற்றை இறக்கினால் டயர் பரந்து பிடிக்கும். பட்டாளத்தில் அதை அவர் பார்த்திருப்பார். ஆனால் இது மணல் அல்ல. பின்னால் தொங்குவது நாலு டன் இரும்பு. சூட்டில் எண்பத்திரண்டு காட்டும் டயரை அறுபதுக்கு இறக்கினால், ஆறியபின் அதில் ஐம்பதுகூட இருக்காது. வளைவில் திரும்பும்போது டயர் மடங்கி ரிம்மைவிட்டு நழுவும்.

"முடியாதுங்க தொரை," என்றேன்.

அந்த வார்த்தையை அவர் அதற்குமுன் தோட்டத்தில் கேட்டிருக்கமாட்டார். திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். அதற்கு ஏழெட்டு வருஷத்துக்கு முன் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் லொறி கிளீனராக இருந்தேன். இதேபோல ஒரு டிரெய்லரில் கொழுந்து அரைக்கிற ரோலர் ஒன்றை ஏற்றிப் போனோம். வழியில் டயர் சூடாகி விறைத்திருப்பதைப் பார்த்து, பொறுப்பாக வந்தவர் காற்றை இறக்கச் சொன்னார். டிரைவர் வேண்டாம் என்று முனகினார்; சத்தமாகச் சொல்லவில்லை. நான் குனிந்து வால்வைத் திறந்தேன். என் விரல்தான் திறந்தது. காற்று சீறிக்கொண்டு போனதும், என் முகத்தில் அது வெதுவெதுப்பாக அடித்ததும் இன்னும் நினைவில் இருக்கிறது. மூன்றாவது வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றது. டிரெய்லர் சாய்ந்து பின்னால் உருண்டது. முட்டுக்கட்டையோடு ஓடிவந்த மனுஷன் ஒருவர் கட்டையைச் செருகிவிட்டார், கையை எடுக்க நேரமில்லை, சக்கரம் அவர்மேலேயே ஏறிவிட்டது. பகல் பத்து மணி, நல்ல வெயில், மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவருடைய சம்சாரம் மேலே இருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி அதை முடித்தார்கள். காற்றை இறக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்கவில்லை. இறக்கியது யார் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

பாலத்தடியில் சின்னதுரை என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"நீ டிரைவர். நான் சின்னதொரை. நான் சொல்றது செய்."

"நீங்க சின்னதொரைதாங்க. வண்டி உருண்டா நீங்க ஜீப்புல இருப்பீங்க. இவங்க பின்னால இருப்பாங்க."

அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே குனிந்து வால்வு மூடியைத் திருகத் தொடங்கினார். நான் உள்ளங்கையை வால்வின்மேல் வைத்து மூடினேன். அவருடைய விரல் என் கைமேல் பட்டதும் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார். நான் அப்படியே டயரில் முதுகைச் சாய்த்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஈரம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஊறியது.

பின்னால் முட்டுக்கட்டைகளைத் தரையில் போடுகிற சத்தம் கேட்டது. கவ்வாத்துக்காரர் நடந்து வந்தார்.

"தொரை, காலையில இந்தக் காத்த அடிச்சது நாங்க. வேணும்னா பாருங்க, கை கொப்புளிச்சுக் கெடக்கு. இத எறக்குனா நாங்க யாரும் வண்டிக்குப் பின்னால வரமாட்டோம்," என்று சொல்லிவிட்டு, டிரெய்லரின் இடது சக்கரத்தடியில் போய் உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு சக்கரமாகப் போய் உட்கார்ந்தார்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, டிரெய்லரில் இரண்டு. கணக்குச் சரியாக வந்தது. என் சக்கரத்துக்கும் ஒரு ஆள் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததால் நான் எழுந்து நின்றேன். மேலே மலையில் பெண்கள் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வேலை வாங்குகிற கங்காணி அதட்டுகிற சத்தமும் கேட்டது. ஒருத்தியும் குனியவில்லை.

சின்னதுரையின் கழுத்து சிவந்துவிட்டது. "உன்னை இந்தியா அனுப்புவான்! உனக்கு இங்கே சிட்டிசன் கிடையாது. தெரியும்?"

தெரியும். நாற்பத்தெட்டில் சட்டம் போட்டு எங்கள் பிரஜாவுரிமையைப் பிடுங்கிய பிறகு, எங்களோடு வாக்குவாதம் வந்தால் எல்லாரும் கடைசியில் எடுக்கிற ஆயுதம் இதுதான். நான் பிறந்தது அந்த மலையில். இந்தியாவை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அன்றைக்கு அது என்னைச் சுடவில்லை.

"அனுப்புங்க தொரை. ஆனா போறதுக்கு முன்னாடி இந்த எஞ்சின ஸ்டோர்ல கொண்டுபோய் எறக்கிட்டுத்தான் போவேன். இருக்கிற காத்தோட."

அவர் ஜீப்பில் ஏறி, சேறு தெறிக்க மேலே போய்விட்டார். தோட்டத்து மேனேஜர் பெரியதுரையிடம் சொல்லத்தான் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் மெல்லக் கேட்டார், "இப்ப என்னண்ணே செய்றது?" கவ்வாத்துக்காரர் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டார். "என்ன செய்றது? தம்பி, வண்டிய எடு."

பதினொரு வளைவுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாலாவது வளைவில் பின்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுற்றியது. சின்னதுரை சொன்ன ஈரம் பொய்யல்ல. அதற்குக் காற்றை இறக்க வேண்டியதில்லை. வெட்டிப் போட்டிருந்த கவ்வாத்துக் குச்சிகளை அள்ளிவந்து சக்கரத்தடியில் போட்டார்கள், பிடித்துக்கொண்டது. எட்டாவது வளைவில் லொறி எஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி ஒரு முழம் பின்னால் போனது. இரண்டு பக்கமும் கட்டை விழுந்து நின்றது. கண்ணாடியில் கவ்வாத்துக்காரரின் இரண்டு கைகளையும் தேடினேன். இரண்டும் இருந்தன. அதன்பிறகுதான் லொறியை மறுபடி கிளப்பினேன்.

ஸ்டோர் வாசலில் நிறுத்தி இறங்கியதும் டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்கிற அளவு சூடு. ஒன்றும் வெடிக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கிற நேரத்தில், எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை என்னிடம் லொறிச் சாவியைக் கேட்டு வாங்கினார். ஒரு கடிதம் கொடுத்தார். கட்டளையை மீறியது, மற்ற ஆட்களைத் தூண்டிவிட்டது என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. விசாரணை முடியும்வரை கான் வெட்டுகிற வேலை. மலையில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானை மண்வெட்டியால் வெட்டிச் சுத்தம் பண்ண வேண்டும். டிரைவருக்கென்று கொடுத்திருந்த தனி வீட்டை விட்டு வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் மாற வேண்டும்.

அந்த வீட்டுக்கு வாசலிலேயே தண்ணீர்க் குழாய் இருந்தது. என் சம்சாரத்துக்கு அந்தக் குழாய் என்றால் உயிர். சட்டி பானையை மூட்டையாகக் கட்டி லயத்துக்குத் அவளே தூக்கிக்கொண்டு போனாள். காம்பராவில் இறக்கி வைத்தபிறகு கேட்டாள்:

"காத்துக்காகவா வேலைய விட்டீங்க?"

"ஆமா."

"ஊரே சிரிக்கிது. காத்து டிரைவர்னு பேரு வச்சிருக்காங்க."

"சிரிக்கட்டும்."

"சிரிக்கட்டும்னு நீங்க சொல்லிருவீங்க. தண்ணி புடிக்கப் பீலிக்கரையில போயி அவங்களோட வரிசையில நிக்கிறது நான்."

உடப்புசல்லாவைக் கதையை அவளிடம்கூட நான் அதுவரை சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

சாவியையும் குழாய் உள்ள வீட்டையும் புது ஆள் ஒருவருக்குக் கொடுத்தார்கள். ஹற்றன் பக்கமிருந்து வந்தவர், அமைதியான மனுஷன், ஆறு பிள்ளைகள். எஞ்சினின் பெரிய சக்கரம் இன்னும் தலவாக்கலையில் கிடந்தது. அதுவும் ஒன்றரை டன் வரும், கூடவே மற்ற இரும்புச் சாமான்கள். அதை எடுத்துவருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் என் காம்பராவுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தோம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, எத்தன ராத்தல் வச்சீங்க?"

சொன்னேன். எங்கே எவ்வளவு, எப்போது அளப்பது, எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்பதற்கு அது என் சொத்து அல்ல. பின்னால் நடக்கப்போவது அதே ஆறு பேர்தான்.

அவர் பத்திரமாகப் போய் வந்தார். அடுத்த வாரம் பீலிக்கரையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். காலையில் நான் சொன்ன அளவுக்கே காற்று அடித்திருக்கிறார். பாலத்தடியில் சின்னதுரை அளக்க வந்தபோது அவர் கேஜ் ஜீப்பில் இல்லை. ஒளித்து வைத்தது இவர்தான். தன்னிடம் இருந்த பழுதான பழைய கேஜைக் கொடுத்திருக்கிறார். அது எப்போதும் இருபது ராத்தல் குறைத்துக் காட்டும். சின்னதுரை பார்த்துவிட்டு, "அறுபது. வெரி குட்," என்று தோளில் தட்டிவிட்டுப் போனாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது.

"வண்டி நல்லபடியா வந்து சேந்துச்சு, சரி. ஆனா அவரு சொன்னதுதான் சரின்னு ஆயிருச்சேண்ணே! நாளைக்கு வேற ஒருத்தன் நெசமாவே அறுபது வச்சிட்டுப் போவான். அவன் பின்னால யாரு போவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு ஆறு புள்ளைங்க, தம்பி," என்றார்.

நான் பயந்தபடியேதான் விசாரணையில் நடந்தது. ஆபீசில் பெரியதுரை மேசைக்குப் பின்னால், சின்னதுரை பக்கத்தில். எங்கள் பக்கத்துக்குத் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர் வந்திருந்தார். சின்னதுரை நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாவது பாரம் அறுபது ராத்தலில்தான் வந்தது, ஒன்றும் ஆகவில்லை, இந்த ஆள் சொன்னதெல்லாம் பொய் என்றார். கதவுக்கு வெளியே புது டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தால் அவர் முகம் தெரியும். திரும்பவில்லை. ஒரு வார்த்தையில் என் வழக்கு முடிந்திருக்கும். அவருடைய வேலையும் முடிந்திருக்கும்.

"தொரை, பேசி என்ன ஆகப்போவுது?" என்று பெரியதுரையைப் பார்த்துச் சொன்னேன். "உங்க கார்ல கேஜ் இருக்கு. நாளைக்குப் பெரட்டுக்கு முன்னாடி நீங்களே அளங்க. டிரெய்லர்ல கல்லு ஏத்தி லிந்துலை வரைக்கும் போயிட்டு வரட்டும். வந்தோடன அளங்க. மறுநாள் காலையிலயும் அளங்க. நடுவுல யாரும் தொடலேன்னு தெரியிறதுக்கு என்ன வேணும்னாலும் செஞ்சுக்கங்க."

பெரியதுரை வயதானவர், நிதானமானவர். பைப்பை மேசையில் வைத்துவிட்டுத் தலையாட்டினார். மறுநாள் காலை அவரே வந்து பின்டயரை அளந்தார். எழுபது. ஒவ்வொரு வால்வு மூடியின்மேலும் ஆபீஸ் கடிதங்களுக்கு ஒட்டுகிற சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். லொறி லிந்துலை போய்த் திரும்பியதும் முத்திரையை உடைத்து அளந்தார். எண்பத்தொன்று. சின்னதுரை கேஜை வாங்கித் தானும் ஒருமுறை அளந்தார். எண்பத்தொன்றுதான். மறுபடி அரக்கு. மறுநாள் காலையில் உடைத்துப் பார்த்தபோது எழுபது.

யாரும் காற்று அடிக்கவில்லை, யாரும் எடுக்கவில்லை. ஸ்டோர் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பெரியதுரை என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

"நீ சொன்னது சரி," என்றார். "ஆனா துரைக்கு முடியாது சொன்னது தப்பு. மன்னிப்பு லெட்டர் எழுதியிருக்கு. கையெழுத்து போடு. சாவி எடுத்துக்க."

கமிட்டித் தலைவர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "போட்டுட்டு வா தம்பி. ஜெயிச்சாச்சு," என்று காதோடு சொன்னார்.

நான் கடிதத்தைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அந்த உடப்புசல்லாவை டிரைவரும் தன் கவனக்குறைவுதான் என்று இப்படித்தான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தொரை, நான் முடியாதுன்னு சொல்லலேன்னா அந்த ஆறு பேருல ஒருத்தர் இன்னைக்கு இருந்திருக்க மாட்டாரு. அதுக்கு நான் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கானுக்குப் போனேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகவே பயமாக இருந்தது. செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. சம்சாரம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

கல்லில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "போட்டிருந்தா நான் சட்டி பானையத் தூக்கிட்டு வந்ததுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் உடப்புசல்லாவையில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என் வலது கையை எடுத்துப் பார்த்தாள். ரொட்டி கருகிவிட்டது. கருகினதைத்தான் சாப்பிட்டோம்.

மூன்று மாதம் கான் வெட்டினேன். கையில் டிரைவருக்குரிய காய்ப்புப் போய் வேறு இடத்தில் காய்ப்பு வந்தது. லொறி ரோட்டில் போகும்போது சத்தத்தை வைத்தே எந்தக் கியரில் போகிறது என்று தெரியும். தப்பான கியரில் போனால் என் இடது கால் தானாக மண்ணை மிதிக்கும். வேலை கேட்டுப் போகிறேன் என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காக ஸ்டோர்ப் பக்கமே போகாமல் சுற்றுவழியாக நடந்தேன்.

அப்புறம் கொழுந்து காயவைக்கிற பெரிய அடுப்பு ஒன்று தலவாக்கலைக்கு வந்து இறங்கியது. எஞ்சினைவிடக் கனம். பெரட்டில் கணக்கப்பிள்ளை முட்டுக்கட்டைக்கு ஆள் கூப்பிட்டார். யாரும் முன்னால் வரவில்லை. கவ்வாத்துக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"காத்து டிரைவர் ஓட்டுனா வர்றோம்," என்றார். அந்தப் பெயரைச் சொல்லி அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

கணக்கப்பிள்ளை கத்தினார். பெரியதுரை வந்தார். சின்னதுரையும் வந்தார். இரண்டாவது பாரம் அறுபது ராத்தலில் பத்திரமாக வந்ததே, அப்புறம் என்ன பயம் என்று சின்னதுரை கேட்டார். அப்போதுதான் நான் எதிர்பார்க்காத காரியம் நடந்தது. புது டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, இரண்டு கேஜையும் பெரியதுரையின் கையில் கொடுத்தார். ஒன்று அன்றைக்கு ஒளித்து வைத்த சின்னதுரையின் நல்ல கேஜ், மற்றது பழுது.

"அன்னைக்குக் காலையில எழுபதுதாங்க வச்சேன் தொரை," என்றார். "அறுபதுன்னு நான்தான் ஏமாத்துனேன். அறுபது வச்சிருந்தா நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கமாட்டேன்."

பெரியதுரை இரண்டு கேஜையும் லொறி டயரில் வைத்துப் பார்த்தார். ஒன்றைவிட ஒன்று இருபது ராத்தல் குறைந்தது. சின்னதுரையைத் திரும்பிப் பார்த்தார். அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியதுரை புது டிரைவரை இங்கிலீஷில் நன்றாகத் திட்டினார். ஆனால் வேலையைவிட்டு நிறுத்தவில்லை.

பெரட்டு கலைந்து நான் கானுக்குள் நின்றுகொண்டிருந்தபோது ஆபீஸ் பியோன் வந்து கூப்பிட்டார். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே போனேன். மேசையில் சாவி இருந்தது.

"அந்த லெட்டர் என்ன ஆச்சுங்க தொரை?" என்று கேட்டேன்.

பெரியதுரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பைலைத் திறந்து கணக்கப்பிள்ளை எனக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியையும், நான் கையெழுத்துப் போடாத மன்னிப்புக் கடிதத்தையும் எடுத்து, நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நான் சாவியை எடுத்துக்கொண்டேன்; நன்றி சொல்லவில்லை.

குழாய் உள்ள வீடு புது டிரைவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவருக்கு ஆறு பிள்ளைகள். அவரையும் லொறிக்கு இரண்டாவது டிரைவராக வைத்துக்கொண்டார்கள். என் சம்சாரம் இதற்கு ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் வீட்டுக் குழாயிலேயே போய்த் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

அடுப்பு எடுக்கப் புறப்படுவதற்கு முதல்நாள் ஸ்டோரில் கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட் வாங்கி, லொறிக் கதவின் உள்பக்கம் எழுதினேன். முன் ஐம்பது. பின் எழுபது. டிரெய்லர் எழுபத்தைந்து. கீழே, குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்கவும், சூட்டில் இறக்கக்கூடாது. எனக்குப் பின்னால் யார் அந்த ஆசனத்தில் உட்கார்ந்தாலும் கண்ணில் படட்டும் என்று.

பெயின்ட் காய்வதற்குள் சின்னதுரை அந்தப் பக்கம் வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும்.

"யார் எழுதினான்?"

"நான்தாங்க தொரை."

"யார் சொன்னான் எழுத?"

"யாரும் சொல்லலீங்க," என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு, கைப்பம்பை எடுக்கப் போனேன்.